மந்த வாயுவும் விழுமிய வாயுவும்

எவர்சில்வர் கைப்பிடி செய்யும் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்பது அன்றாடப் பேச்சு. ஆர்கான் என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் ‘வேலை செய்யாதது, சோம்பியிருப்பது’. 1894இல் விஞ்ஞானிகள் ரேலியும் வில்லியம் ராம்சேயும் கண்டுபிடித்த அந்த வாயு எதனோடும் சேர மறுத்ததால் அப்படிப் பெயரிட்டார்கள். பட்டறைக்கு வேண்டியதும் அந்த மறுப்புதான். காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமான ஆர்கான், உருகிய உலோகத்தின்மேல் போர்வையாகப் படிந்து ஆக்சிஜனை அண்டவிடாமல் காக்கிறது. குண்டு பல்பின் இழை சீக்கிரம் தேய்ந்து போகாமல் காப்பதும் இதே ஆர்கான்தான்.

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் அடங்கிய, ஆங்கிலத்தில் ‘நோபிள் கேஸ்’ (noble gas) எனப்படும் இக்குடும்பத்தைத் தமிழில் சிலர் ‘அரிய வாயு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றில் ஆர்கான் மட்டுமே 0.93 விழுக்காடு, கரியமில வாயுவைப்போல் இருபது மடங்குக்கும் மேல். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போய்வருவதை அரியது என்று எப்படிச் சொல்வது?

‘உயரிய வாயு’ என்ற பெயரும் உண்டு. இலங்கைத் தமிழில் ‘விழுமிய வாயு’. துருப்பிடிக்காத தங்கத்தை உயர்ந்த உலோகம் என்ற வழக்கையொட்டி, 1898இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹியூகோ எர்ட்மன் இட்ட பெயரின் தமிழ் வடிவங்கள் இவை. விழுமிய என்பதில் மேன்மையும் இருக்கிறது, ஒதுங்கி நிற்கும் கம்பீரமும் இருக்கிறது. என் விருப்பம் அதுவே.

அப்படியானால் ‘மந்த வாயு’? அது வேறு பொருளுக்கு வேண்டும்: எந்தக் குடும்பமானாலும் எளிதில் வினைபுரியாத வாயுவை (inert gas) குறிக்க. சிப்ஸ் பாக்கெட்டை உப்ப வைத்து, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும் நைட்ரஜன் விழுமிய குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டு கிடப்பதால் மந்தமாக இருக்கிறது, அவ்வளவே. உரத் தொழிற்சாலையில் வெப்பமும் அழுத்தமும் வினையூக்கியும் சேர்ந்தால் அதே நைட்ரஜன் ஹைட்ரஜனுடன் கூடி அம்மோனியா ஆகிவிடுகிறது.

இத்தகைய வாயுவைச் ‘செயலற்ற வாயு’ என்று எழுதுவதைவிட ‘மந்த வாயு’ நல்ல சொல். வயிறு மந்தம் என்றால் செரிமானம் நின்றுவிட்டது என்றா பொருள்? தாமதப்படுகிறது என்றுதான். 1962இல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், விழுமிய குடும்பத்துச் செனானையே ஒரு சேர்மத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அன்றோடு ‘செயலற்ற’ என்ற அடைமொழி பொய்த்தது, ‘மந்த’ பொய்க்கவில்லை.