மறுகாலை அடைக்காதீர்கள்: வறண்ட கடலோரத்தில் திடீர் வெள்ளம்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 65 செ.மீ. அளவுதான். அம்மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 95 செ.மீ. மழை பதிவானது, அதாவது, ஒவ்வோர் ஏக்கரிலும் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் நீர் கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ.

அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறக்கப்பட்ட நீரையே முதலில் குறிப்பிடுகிறார்கள். தாமிரபரணி பெருக்கெடுத்தது உண்மையே. ஆயினும், குளக்கரைகளை ஆய்வு செய்யும் பொறியாளன் என்ற முறையில், ஊர்களின் மீதே பெய்த மழையையும் அதைத் தாங்காமல் உடைந்த குளங்களையும் நாம் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன். அணை நீர் வந்து சேர்வதற்குள் எச்சரிக்கை வந்துவிடும். மேட்டிலுள்ள குளம் நள்ளிரவில் உடைந்தால், கீழேயுள்ள தெருவுக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

காய்ந்த நிலம் எவ்வளவு மழையையும் குடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கனமழையின் துளிகள் மேல்மண்ணை உடைத்து, அந்த நுண்துகள்களாலேயே மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. கரிசல் நிலத்திலோ, வெடிப்புகள் ஊறி மூடிக்கொண்ட பின் நீர் உள்ளிறங்குவது ஏறக்குறைய நின்றுபோகிறது. எஞ்சிய நீர் முழுவதும் ஓடைக்கு வருகிறது. பல ஆண்டுகள் நீரோட்டம் காணாத அந்த ஓடையில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், அல்லது வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டிருக்கும். அடுத்தடுத்த குளங்கள் ஒன்றின் மறுகால் (குளம் நிரம்பியதும் உபரி நீர் வெளியேறும் வழி) மற்றொன்றுக்கு நீர்வரத்தாக அமைந்தவை என்பதால், மேல்குளம் உடைந்தால் அதன் சுமை முழுவதும் கீழ்க்குளத்தின் கரையில் இறங்குகிறது. ஸ்ரீவைகுண்டம் அருகே அன்று ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதையும், செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் நடுவழியில் சிக்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

வறட்சி கண்ட விவசாயி, இன்னும் ஒரு சாண் நீர் நிற்கட்டும் என்று மறுகாலில் மணல் மூட்டை அடுக்குவதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால், வெளிச்சரிவு அரிக்கப்பட்டுக் கரை விரைவில் உடைந்துவிடும். ஆகவே, ஐப்பசி பிறக்கும் முன்பே மறுகாலைத் திறந்து, அதன் வாய்க்காலையும் சுத்தம் செய்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் கரையின் அடிவாரத்தைப் பகல் வெளிச்சத்தில் தினமும் நடந்து பாருங்கள். நண்டு வளைகளும், மட்கிய கருவேல வேர்கள் விட்டுச்சென்ற துளைகளும் நீருக்கு வழியாகும். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அப்போது தாழ்வான பகுதியில் உள்ளவர்களை உடனே மேட்டுக்கு அனுப்பிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணில் தெரிவியுங்கள். மூட்டை அடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.