மே லீவில் மாரா நதி வேண்டாம்

முழுப்பரீட்சை முடிகிற தேதியைப் பார்த்து நைரோபிக்கு நான்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சஃபாரிப் பயணம் ஏற்பாடு செய்கிற எங்களுக்கு போன் வரும்: "மே முதல் வாரம் சார். வில்டபீஸ்ட் ஆத்தைத் தாண்டுமே, அதுக்குப் பக்கத்துலயே ரூம் வேணும்." இந்த வருடம் இது எத்தனையாவது போன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

மே முதல் வாரத்தில் கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தில், மாரா ஆற்றங்கரையில் முதலை இருக்கும், நீர்யானை இருக்கும். நீங்கள் டிவியில் பார்த்த அந்த வில்டபீஸ்ட் (மாட்டுமுகம் கொண்ட பெரிய மான்) பெருங்கூட்டம் இருக்காது. அது அப்போது தெற்கே பல மணி நேரப் பயணத் தொலைவில், வேறொரு நாட்டில், தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவில் மேய்ந்துகொண்டிருக்கும்.

நமக்குக் கோடை விடுமுறை என்றால் அங்கும் கோடை என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மார்ச் நடுவிலிருந்து மே முடிய கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் பெருமழைக்காலம். அங்கே அதை மசிகா என்பார்கள். நவம்பரில் வருகிற வூலி என்ற சிறுமழை பெரும்பாலும் மாலையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மசிகா அப்படியில்லை. மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் ஐப்பசி மழையில் காட்டு வண்டிப்பாதையில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மண் டயரில் அப்பி, பட்டனுக்கு இடையே உள்ள பள்ளத்தையெல்லாம் அடைத்துவிடும். பிறகு ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பயனில்லை, வண்டி நின்ற இடத்திலேயே வழுக்கும். இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2024 மே முதல் தேதி தலேக் ஆறு கரை உடைத்து மாராவின் முகாம்களுக்குள் புகுந்தது. சுற்றுலாப் பயணிகளைத் தரைவழியாகவும் ஹெலிகாப்டரிலும் மீட்டார்கள். எல்லா வருடமும் அப்படி நடக்காது. ஆனால் நடக்கிற மாதம் அதுதான்.

அடுத்தது 'மைக்ரேஷன்' என்ற சொல். இதை எத்தனை முறை விளக்கினாலும் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. அது தேர்த்திருவிழா மாதிரி ஒரு நாள், ஒரு வாரம் நடந்து முடிகிற நிகழ்ச்சி அல்ல. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட், அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் தாம்சன் மான்களும், மழையையும் புதுப்புல்லையும் தேடி வருடம் பூராவும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கே என்டுட்டுவைச் சுற்றியுள்ள குட்டைப்புல் சமவெளி. ஏப்ரலிலும் மேயிலும் மத்திய செரெங்கெட்டி வழியாக வடமேற்காக நகரும். மே கடைசி, ஜூனில் மேற்குப் பகுதியில் க்ருமேட்டி ஆறு. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே, மாரா ஆற்றின் இரு பக்கமும். நவம்பர் மழை விழுந்ததும் திரும்பத் தெற்கே. ஆகவே "மைக்ரேஷன் எப்போது?" என்று கேட்பதில் பொருளில்லை. "நான் போகிற மாதத்தில் கூட்டம் எங்கே?" என்று கேளுங்கள். அதுகூட மழையைப் பொறுத்து இரண்டு, மூன்று வாரம் முன்பின் ஆகும்.

ஆற்றைத் தாண்டுவதற்கும் கால அட்டவணை கிடையாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வரும், நிற்கும், முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்க்கும், எதற்கோ மிரண்டு கூட்டம் மொத்தமும் திரும்பி ஓடிவிடும். நான்கு மணி நேரம் காத்திருந்து ஒன்றும் நடக்காமல் போகலாம். இறங்கிவிட்டால் பத்து நிமிடத்திலும் முடியலாம். ஆகஸ்டில் வடக்கே போன கூட்டம் செப்டம்பரில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பல தடவை போய் வரும். அதனால் ஆற்றங்கரைப் பகுதியில் குறைந்தது மூன்று இரவு போடுங்கள். ஒரே இரவில் பார்த்துவிட்டு மறுநாள் அம்போசெலி பூங்கா என்று திட்டம் கேட்பவர்களுக்கு நாங்கள் மறுத்துவிடுவோம். இன்னொன்று: ஓட்டுநரிடம் "இன்னும் கிட்டப் போங்க" என்று நச்சரிக்காதீர்கள். இறங்குகிற இடத்தை வண்டிகள் அடைத்தால் கூட்டம் திரும்பிவிடும். அப்புறம் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

பிப்ரவரியை யாரும் கேட்பதே இல்லை, அதுதான் வருத்தம். என்டுட்டுவில் அது குட்டி ஈனும் பருவம். உச்சமான இரண்டு, மூன்று வாரங்களில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பிறக்கும். விழுந்த குட்டி கால் நடுங்க எழுந்து, இரண்டு முறை மூக்கு மண்ணில் இடித்து, சில நிமிடத்தில் தாயோடு ஓடத் தொடங்கிவிடும். சிங்கம், சீட்டா, கழுதைப்புலி எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கும். மரமற்ற சமவெளி என்பதால் பார்வைக்கும் தடையில்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பரீட்சை நெருங்கும் நேரம், சரி. ஓய்வு பெற்ற தம்பதிகள் ஏன் மேயைக் கேட்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

பிள்ளைகளோடுதான் போக வேண்டும் என்றால் காலாண்டு விடுமுறை இருக்கிறதே! செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் வடக்கு செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் அருமையான நேரம், ஆகஸ்ட் நெரிசலும் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் பணக்கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 முதல் மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவருக்கு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மேயைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் ஆற்றை மறந்துவிட்டு தான்சானியாவின் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குப் போங்கள். அங்குள்ள விலங்குகளில் பெரும்பாலானவை எங்கும் போவதில்லை. அதே நாட்டின் தரங்கீரே பூங்கா மட்டும் வேண்டாம். அங்கே யானைகள் ஆற்றோரம் திரள்வது ஜூலை முதல் அக்டோபர் வரை. மழையில் அவை பூங்காவுக்கு வெளியேயும் சிதறிவிடும்.

முன்பணம் கட்டுமுன் முகாம் இருக்கும் இடத்தை மேப்பில் காட்டச் சொல்லுங்கள். "செரெங்கெட்டியில் தங்கல்" என்ற ஒரு வரியை நம்பாதீர்கள். பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். ஆகஸ்டில் தெற்கே ரூம் போட்டுக்கொண்டு, ஆறு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மாராவும் செரெங்கெட்டியும் மேப்பில் ஒட்டித்தான் இருக்கும், விலங்கு நடந்தே போய்விடும். உங்களுக்கு அங்கே வழி இல்லை. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடியைச் சுற்றித்தான் வர வேண்டும், அதற்கே ஒரு நாள் போய்விடும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டை மட்டும் எடுத்துப் போகிறார்கள். ஜூலையில் ங்கோரோங்கோரோ விளிம்பில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், விடிகாலை ஆறு மணிக்குத் திறந்த கூரை வண்டியில் நின்று பாருங்கள், பல் தந்தியடிக்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர், குல்லா. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து துணிக்கு மேலேயே கடிக்கும். சிறு விமானத்தில் போகிறவர்களுக்குக் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத துணிப்பையில்.

கென்யா, உகாண்டா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்த அட்டை செல்லும். அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்கள் முதலில் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேளுங்கள்.

முறுக்கு, தட்டை எல்லாம் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள், டப்பாவில். கென்யாவில் 2017 முதல், தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஜவுளிக்கடைப் பையில் செருப்பைச் சுற்றி வைத்திருந்தாலும் வெளியே எடுத்துப் போடச் சொல்வார்கள்.