டிக்கியில் ஒரு கேன் தண்ணீர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 14-வது வளைவில் எங்கள் பழைய காரின் ஹீட் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். திடீரென்று முள் தானாகவே இறங்க ஆரம்பித்தது. "பாருங்க, சரியாயிடுச்சு" என்றாள் என் மனைவி. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

எஞ்சின் ஆறியதால் அந்த முள் இறங்கவில்லை. முள்ளை நகர்த்தும் சென்சார், எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போனால் சென்சாரைச் சுற்றி நிற்பது ஆவிதான். ஆவிக்குத் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தத் தெரியாது. சிவப்பைத் தொட்ட முள், இறங்க ஒரு காரணமும் இல்லாமல் இறங்கினால், உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். வண்டியை அந்த நொடியே அணைத்திருக்க வேண்டும். எனக்கு அன்று இது தெரியாது.

எட்டு வருடமாக அந்தக் காரை எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. டிக்கியில் எப்போதும் ஒரு ஐந்து லிட்டர் கேன் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை ரேடியேட்டரில் குறைந்ததை வீட்டு போர் தண்ணீரால் நிரப்பிவிடுவேன். பழகிய வண்டி, அதன் குணம் நமக்குத் தெரியும் என்ற நினைப்பு. அந்தக் கேன்தான் காரைக் கொன்றது என்பது பிறகு தெரிந்தது.

மலை ஏறும்போது எஞ்சின் எவ்வளவு வெப்பத்தைச் சமாளிக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 12 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஏறக்குறைய பாதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும், மறுபாதியைத் தண்ணீர் சுமக்க வேண்டும். அதுவே சுமார் 15 மெகாஜூல் வருகிறது. 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். எங்கள் எஞ்சினுக்குள் இருந்ததோ நாலு லிட்டர்தான். அந்த நாலு லிட்டர் ஓயாமல் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் ஓடி ஓடி வெப்பத்தைக் கொட்டிவிட்டு வந்தால்தான் பிழைப்பு. மலையில் வண்டி முதல் கியரில் ஊர்வதால், ரேடியேட்டர் மேல் அடிக்கிற காற்றும் குறைவு.

இதில் ரேடியேட்டர் மூடிக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. பலர் அதை வெறும் மூடி என்றே நினைக்கிறோம். உண்மையில் அது குக்கர் வெயிட் மாதிரி. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், தண்ணீர் 120 டிகிரியை நெருங்கும் வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. அதோடு மலை ஏற ஏறக் காற்றழுத்தமும் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். என் மூடியின் வாஷர் எப்போதோ விறகாகியிருந்தது.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று ஏன் இத்தனை முறை சொல்கிறார்கள்? உள்ளே 115 டிகிரியில் நாலு லிட்டர் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியைத் திருகிய கணம் அதில் வெறும் மூன்று சதவீதம் ஆவியானாலே 200 லிட்டர் நீராவி. ஒரு டிரம் அளவு. அது மீதிக் கொதிநீரையும் அள்ளிக்கொண்டு முகத்துக்கு நேராக வரும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். முள் ஏற ஆரம்பிக்கும்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு: ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறப்பது. மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்கத் தோன்றும். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் வெப்பத்தில் கொஞ்சத்தை அது நம் மேல் கொட்டும். வியர்த்தாலும் எஞ்சினுக்கு அது உதவி.

சரி, போர் தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மெக்கானிக் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, தண்ணீர் ஓடும் துவாரங்களில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினார். பழுப்பும் வெள்ளையுமாக ஓடு ஓடாக உதிர்ந்தது. ஒரு துண்டைக் கையில் வைத்து, "எந்த ஊர் தண்ணி சார் ஊத்துனீங்க?" என்றார். எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே உப்பு.

உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக மாறிப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். எஞ்சினில் அது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள பகுதி. எந்த இடத்தைத் தண்ணீர் கட்டாயம் தொட வேண்டுமோ, அதே இடத்தில் சுவர் எழும்புகிறது. ஒரு லிட்டரில் அரை கிராம் சுண்ணாம்பு, வாரம் இரண்டு லிட்டர் என்று வைத்தால் எட்டு வருடத்தில் 400 கிராம். பாதி கசிந்து வெளியே போயிருந்தாலும் 200 கிராம் உள்ளேதான். வெப்பத்தைத் தடுப்பதில் ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்பு, இரண்டு சென்டிமீட்டருக்கும் அதிகமான வார்ப்பிரும்புக்குச் சமம். எஞ்சினுக்கு நான் கம்பளி போர்த்திக்கொண்டே வந்திருக்கிறேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தை ஊற்றியிருந்தால் இந்த வேலையே இல்லை.

இன்னொரு தப்பும் உண்டு. பல வருடம் முன்பு வேறொரு பட்டறையில், "நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதுக்கு?" என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த வால்வுக்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து, ஒரு தண்டைத் தள்ளி, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். சில எஞ்சின்களில் அதே தண்டு குறுக்கு வழியையும் அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினையே சுற்றிச் சுற்றி வரும். சூட்டுக்குப் பயந்து எடுத்த வால்வால் சூடு கூடும்.

கடைசி அடி ஹெட்டில் விழுந்தது. எங்கள் எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட், வழக்கத்தைவிட 80 டிகிரி கூடச் சூடானால் முக்கால் மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். அடியிலுள்ள இரும்பு அதில் பாதிதான் நகரும். போல்ட்டுகள் ஹெட்டை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நீள இடமில்லாத ஹெட் வளைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட், ஒரு பக்கம் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல 40 மடங்கு அழுத்தத்தில் வெடிக்கும் வாயுவையும், மறுபக்கம் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கிற தகடு. ஹெட் தலைமுடி கனம் வளைந்தாலே அதன் பிடி தளர்ந்துவிடும்.

அதன் அடையாளம் ஆயில் டிப்ஸ்டிக்கில் இருந்தது. கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. தண்ணீரும் எண்ணெயும் தானாகக் கலக்காதுதான். ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் கிராங்க் தண்டு மத்துபோலக் கடைந்தால் கலக்கும். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனம்தான். கடைந்த மோரால் அந்தப் பளுவைத் தாங்க முடியாது. மலையில் கேட்ட கடகட சத்தம் அதுதான்.

லேத்தில் ஹெட்டைக் கவிழ்த்து, மேலே நேரான இரும்புப் பட்டையை வைத்து, நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜைச் சொருகிப் பார்த்தார்கள். 0.05 மில்லிமீட்டர் தகடே நுழையக் கூடாது. 0.25 தகடு தடையில்லாமல் போய் வந்தது. "ஃபேஸிங் அடிச்சா ஹெட் சரியாயிடும் சார். ஆனா பேரிங்கும் போயிருக்கு, வண்டியோட விலையைவிடச் செலவு அதிகம்" என்றார் மெக்கானிக். அடுத்த வாரம் கார் காயலான் கடைக்குப் போனது. எடை போடுவதற்கு முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டேன். கேன் ஓரமாகக் கிடந்தது, பாதித் தண்ணீரோடு. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.