அட்டாச்மெண்ட்னா பாசமா?

போன மாசம் எங்க அக்கா போன் பண்ணி அழுதா. அவ பையனுக்கு ஆறு வயசு, ஸ்கூல்ல பசங்கள கடிக்கிறான், மிஸ் ஏதாவது அதட்டுனா டெஸ்க்குக்கு அடியில போய் உக்காந்துக்கிறான், கவுன்சிலர் கூப்பிட்டு "அட்டாச்மெண்ட் இஷ்யூ மாதிரி தெரியுது"ன்னு சொல்லிருக்காங்க, இவ காதுல அது "நீ பிள்ளமேல பாசமா இல்ல"ன்னு விழுந்திருக்கு. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. இந்த ஒரு சொல்ல நாம பாசம்னு புரிஞ்சிக்கிறதாலதான் இவ்ளோ வேதனை, அதனாலதான் இத எழுதுறேன்.

அட்டாச்ங்கிறது பழைய பிரெஞ்சுலருந்து வந்த சொல்லு, கட்டுறது, பொருத்துறதுன்னு அர்த்தம், அதுக்கும் அடியில ஆணி இல்லன்னா முளைக்குச்சிங்கிற பொருள்ல ஒரு ஜெர்மானியச் சொல் இருக்கலாம்னு சொல்றாங்க. இங்கிலீஷ்ல முதல்ல கோர்ட்டு விவகாரத்துலதான் புழங்குச்சு. நம்ம ஊர்ல ஜப்தின்னு சொல்றோமே, அதுக்கு இன்னைக்கும் இங்கிலீஷ்ல இதே பேருதான்.

குழந்தை மனசப் பத்திப் பேச இந்தச் சொல்ல நிலைக்க வச்சவரு ஜான் பவுல்பி, லண்டன்ல இருந்த மனநல டாக்டர். திருட்டுப் பழக்கம் இருந்த 44 பசங்களப் பத்தி 1944ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு. அதுல 14 பேரு யாருகிட்டயும் ஒட்டு உறவே இல்லாம இருந்தாங்க, அந்த 14ல 12 பேரு சின்ன வயசுல ரொம்ப நாள் அம்மாவப் பிரிஞ்சு இருந்தவங்க. இந்த ஆய்வுல ஓட்டை உண்டு, பேட்டி எடுத்ததும் அவரே, தரம் பிரிச்சதும் அவரே, பிரிவுதான் காரணம்னு இத வச்சு நிரூபிக்க முடியாது. ஆனாலும் "இந்தப் பய ஏன் இப்படி"ன்னு கேக்குற எடத்துல "இவனுக்கு என்ன நடந்துச்சு"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு அதுதான் பெருசாப் படுது.

அப்புறம் மேரி எயின்ஸ்வொர்த். 1950கள்ல உகாண்டாவுல கிராமத்து வீடுகளுக்குப் போய் அம்மாவையும் குழந்தையையும் கவனிச்சாங்க, பின்னால அமெரிக்காவுல பால்டிமோர்ல ஒரு வயசுக் குழந்தைங்கள வச்சு ஒரு சோதன பண்ணாங்க, அம்மா கொஞ்ச நேரம் ரூம விட்டு வெளிய போயிட்டுத் திரும்ப வரணும், வந்ததும் குழந்த என்ன பண்ணுதுன்னு பாக்கணும். சிலது அழுதுட்டு ஓடி வந்து ஒட்டிக்கிட்டு, சமாதானமாகி மறுபடி வெளையாடப் போயிருச்சு. சிலது தூக்குனாலும் அடங்கல. சிலது அம்மா வந்தத கண்டுக்கவே இல்ல. நாம இந்த மூணாவது பிள்ளையத்தான் "சமத்து, அழவே அழாது"ன்னு சொல்லுவோம், ஆனா பின்னாடி வந்தவங்க அளந்து பாத்தா அதுக்கும் உள்ளுக்குள்ள நெஞ்சு வேகமாத்தான் அடிச்சிருக்கு.

இப்ப தமிழுக்கு வருவோம். பாசம் வடசொல்லு, கயிறுன்னுதான் மூலப் பொருள், எமனோட பாசக்கயிறு நமக்குத் தெரியும், சைவ சித்தாந்தத்துல உயிரக் கட்டி வச்சிருக்கிற தளைக்கும் அதே பேரு. மூலத்த மட்டும் பாத்தா முளைக்குச்சிக்கும் கயித்துக்கும் நல்லாவே பொருந்துது. ஆனா இன்னைக்குப் பாசம்னா அன்பு, அதுவும் பெத்தவங்க காட்டுற அன்பு. பவுல்பி சொன்ன அட்டாச்மெண்ட் குழந்தைகிட்டருந்து பெரியவங்களப் பாத்துப் போறது, பயம் வந்தா யாருகிட்ட ஓடும்ங்கிறதுதான் விஷயம், பெரியவங்க பண்றத அவரு பராமரிப்புன்னு தனியா வச்சாரு. குறுந்தொகை 397ல அடிக்கிற அம்மாவையே "அம்மா"ன்னு கூப்பிட்டு அழுற குழந்தை வரும், அது அன்புக்குக் கிடைச்ச பதில் இல்ல, போக வேற எடம் இல்ல.

பற்றுன்னு சொல்லலாமான்னா, அது விடவேண்டியதுங்கிற துறவு வாசன அடிக்குது. பிணைப்பு புஸ்தகத்துக்கு சரி. ஆனா என் ஓட்டு ஒட்டுதலுக்குத்தான், "குழந்த அவகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு"ன்னு சொல்றப்ப ஒட்டுறது குழந்ததான், தமிழ்ல அது தானா சரியா வந்து விழுது. இத சுத்தி நம்மகிட்ட சொல்லும் நெறைய இருக்கு. எட்டு மாசத்துல வேத்துமுகம் பாக்குது, ஆள் இல்லன்னா ஏங்கிப் போகுது, அடுத்த பிள்ள வந்து தாய்ப்பால் இல்லாமப் போனது சவலை.

ஒண்ணு மறக்காதீங்க, ஒட்டுதல் சரியா அமையலன்னா கோவம், அடிதடி, பயம் வர்ற வாய்ப்பு கூடுது, அவ்ளோதான், அது தலையெழுத்து இல்ல. ருமேனியாவுல காப்பகத்துல கெடந்த 136 குழந்தைங்கள வச்சு 2000ல தொடங்குன ஆய்வுல, ரெண்டு வயசுக்குள்ள வளர்ப்பு வீட்டுக்குப் போன பிள்ளைங்க நல்லாவே ஒட்டுச்சுங்க.

இதெல்லாம் சொல்லிட்டு அக்காகிட்ட "உன் பாசத்த விடு, அவன் யாருகிட்ட ஒட்டியிருந்தான்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னா, "நாலு வயசு வரைக்கும் நம்ம அம்மாகிட்டதானடா இருந்தான், ராத்திரி அவங்க சேலையப் புடிச்சாத்தான் தூங்குவான், வேல கெடச்சதும் நாங்கதான் பிச்சு எடுத்துட்டு வந்தோம்." இப்ப தெனமும் சாயங்காலம் அவனுக்கும் எங்க அம்மாவுக்கும் வீடியோ கால், லீவுக்கு ஊருக்கு டிக்கெட்டும் போட்டாச்சு.