படைக்கலம் ஏந்தும் உரிமை: சொல் விளக்கம்

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் (1791) என்றாலே நம் நாளிதழ்கள் ‘துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை’ என்று போட்டுவிடுகின்றன. தலைப்புக்கு அது போதும், பொருளுக்குப் போதாது. மூலத்தில் துப்பாக்கி என்ற சொல்லே கிடையாது. ஆயுதங்களை ‘வைத்திருக்கவும் ஏந்தவும்’ மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதற்கு முன்னால், சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு ஒழுங்குற அமைந்த மிலிஷியா (குடிமக்களே சேர்ந்த படை) தேவை என்றொரு தொடரும் நிற்கிறது.

சர்ச்சையெல்லாம் ‘ஏந்தவும்’ என்பதில்தான்: அது படைப்பணிக்கு மட்டுமா, தனியாளுக்கும் உண்டா? லத்தீனில் ‘அர்மா ஃபெர்ரே’ என்றால் போர்க்கோலம் பூணுவது. ஆங்கிலத்தின் ‘பேர் ஆர்ம்ஸ்’ஸிலும் அந்த வாடை உண்டு. 1789இல் ஜேம்ஸ் மேடிசன் இத்திருத்தத்துக்குக் கொண்டுவந்த வரைவில், சமயக் கொள்கையால் ஆயுதம் ஏந்த மறுப்பவரைப் படைப்பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டார்கள். போரே கூடாது என்ற குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் போன்றோருக்கான வரி அது. மான் வேட்டைக்குப் போகிறவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

தனியாளுக்கும் உண்டு என்னும் மறுதரப்பிடமும் சரக்கு இருக்கிறது. 1776 பென்சில்வேனியா உரிமைப் பிரகடனம், ‘தம்மையும் மாநிலத்தையும்’ காக்க மக்கள் ஆயுதம் ஏந்தலாம் என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் வழக்கில் தனியாள் தற்காப்புக்கும் இவ்வுரிமை உண்டு என்று நீதிபதி ஸ்கலியா எழுதினார், ஸ்டீவன்ஸ் மறுத்தெழுதினார். முடிவு 5க்கு 4. அதே நீதிமன்றத்தின் 2022 ப்ரூயன் தீர்ப்பு, ஆயுதக் கட்டுப்பாடு எதுவானாலும் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. அந்த வழக்கில் 1328ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் வரைக்கும் தோண்டினார்கள்!

தமிழுக்கு வருவோம். ‘ஆயுதம்’ வடசொல்; போரிடுதல் என்னும் பொருள் அதன் வேரிலேயே உண்டு. ‘படை’ நம் சொல், கருவிக்கும் சேனைக்கும் பொது. குறளில் ‘படைகொண்டார்’ (253) கொலைக்கருவியைக் கையில் எடுத்தவர். ‘படைமாட்சி’யிலோ அது சேனை. எனவே ‘படைக்கலம் ஏந்தும் உரிமை’ என்பதே என் தேர்வு. தனியாளுக்கும் பொருந்தும், அணிவகுத்தவர்களுக்கும் பொருந்தும். அமெரிக்க நீதிபதிகளின் சண்டையை மொழிபெயர்ப்பாளர் தீர்த்துவைக்க வேண்டாமே.

மிலிஷியாவைத் ‘துணை ராணுவம்’ என்பது தவறு. 1792 சட்டப்படி அதில் சேர வேண்டியவர்கள் 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளையின ஆண் குடிமக்கள். மஸ்கெட் துப்பாக்கியும் துப்பாக்கிமுனைக் கத்தியும் 24 தோட்டாக்களும் அவரவர் செலவு. ‘குடிப்படை’ என்றால் சரியாக இருக்கும்.