எண்ட் ஷாக்: நடுவில் முறியும் கல்லுக்குத் தமிழில் என்ன பேர்?

கல்லில் அம்புமுனை, ஈட்டிமுனை செதுக்கிப் பழகுகிறவர்கள் அடிக்கடி புலம்பும் சொல் எண்ட் ஷாக். ஓரத்தில் ஒரு தட்டு தட்டுகிறோம், செதில் ஒழுங்காகத்தான் கழன்று விழுகிறது, ஆனால் அடியே படாத நடுப்பகுதியில் முனை குறுக்காக இரண்டாகிவிடுகிறது. அதுதான் இது. முறிந்த பரப்பைத் திருப்பிப் பாருங்கள். நேரடி அடி விழுந்த இடத்தில் இருக்கிற குமிழ் மாதிரியான புடைப்பு அதில் இருக்காது, பல நேரம் ஒரு விளிம்பில் மெல்லிய உதடு போல வளைந்திருக்கும். வளைந்து முறிந்ததற்கு அதுவே சாட்சி.

கல் வளையுமா? நீளமாகவும் மெல்லியதாகவும் ஆனபின் வளையும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அடியின் அதிர்வு ஓடும்போது ஒரு முகம் அமுங்க, எதிர்முகம் இழுபடுகிறது. அமுக்கத்தை நன்றாகத் தாங்கும் கல்லுக்கு இழுவையைத் தாங்கத் தெரியாது.

ஷாக் என்பது 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், அப்போது படைகள் நேருக்கு நேர் மோதிக்கொள்வதைக் குறித்தது. மனசு திடுக்கிடுவது, மின்சாரம் அடிப்பது எல்லாம் அப்புறம் வந்த பொருள். எண்ட் ஷாக்கை, கற்கருவி செய்முறையை ஆராய்ந்த இடாஹோக்காரர் டான் கிராப்ட்ரீ 1972ல் வெளியிட்ட கையேட்டின் சொற்பட்டியலில் காணலாம்.

தமிழில் இதை 'முனை அதிர்ச்சி' என்று எழுதினால் ஏதோ துக்கச் செய்தி போல இருக்கிறது, அதோடு முறிவது கருவியின் கோடியும் அல்ல, நடுப்பகுதி. விறகைப் பிளக்கிறோம், கண்ணாடி நொறுங்குகிறது, கிளையும் எலும்பும் முறிகின்றன. நீளமான பொருள் குறுக்கே போனால் முறிதல்தான். ஆகவே என் கணக்கில் சரியான சொல் 'அதிர்வு முறிவு'. காரணமும் விளைவும் இரண்டு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இந்த முறிவுக்குப் பேர்போனவை ஃபோல்சம் என்கிற பழங்கால வட அமெரிக்கக் கல் ஈட்டிமுனைகள். 1927ல் நியூ மெக்சிகோவில், அழிந்துபோன காட்டெருமை இனம் ஒன்றின் விலா எலும்புகளுக்கிடையே இந்த முனை ஒன்று இருந்த இடத்திலேயே கிடைத்தது. சில மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், அதன் இரு முகத்திலும் அடிப்பக்கத்திலிருந்து நுனிவரை நீளக் காடி (பள்ளம்) எடுத்திருப்பார்கள், அதாவது கிட்டத்தட்ட முடிந்த வேலையை ஒரு கோடியில் பிடித்து அடிப்பது, கேட்கும்போதே நமக்குப் பகீரென்கிறது. கொலராடோவின் லிண்டன்மையர் தொல்லியல் களத்தில் காடி எடுக்கும்போது முறிந்த துண்டுகள் ஏராளம். அதே களத்து முனைகளை வைத்து அந்தக் காடியை எடுத்துப் பார்க்கத்தான் கிராப்ட்ரீயும் மெனக்கெட்டார்.

தவிர்ப்பது எப்படி? கல்லை அந்தரத்தில் பிடிக்காதீர்கள். தடித்த தோலைத் தொடைமேல் போட்டு, முனையை அதில் நன்றாகப் பதித்து, அடிக்கு எதிர்ப்பக்கம் விரல்களை ஒட்டவைத்துப் பிடித்தால் அதிர்வைத் தசை வாங்கிக்கொள்ளும். அடிக்கப்போகும் விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து மழுக்குங்கள். கூராக விட்டால் விளிம்பு நொறுங்கும், செதில் கழலாது, அடித்த வேகமெல்லாம் கல்லுக்குள்ளேயே போய்விடும். முனை மெலிய மெலியக் கனமான சுத்தியல் கல்லை வைத்துவிட்டு மான்கொம்புக்கு மாறுங்கள், கோடியில் அடிப்பதைக் குறைத்துப் பக்கவாட்டிலிருந்து செதில் எடுங்கள். சூடேற்றிப் பதப்படுத்திய கல்லில் செதில் சுலபமாக வரும், முறிவும் அதே சுலபத்தில் வரும், அதனால் கையை இன்னும் லேசாக்க வேண்டும்.

கல்லுக்குள் ஏற்கெனவே விரிசல் இருந்து அதன் வழியே போனால் அதை அதிர்வு முறிவில் சேர்க்கக் கூடாது. தொடங்குமுன் கல்லைத் தொங்கலாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்காமல் சொத்தென்று கேட்டால் வேறு கல் எடுங்கள்.