தாய்மாமன் தலையும் மூன்று மாதக் கணக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்து முடிவெட்டுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சியில் இடம் கிடைப்பது கஷ்டம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குபவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கண்ணாடியில் தலையைத்தான் பார்ப்பார். காத்திருப்பவர்களின் பேச்சும் அங்கேயே சுற்றும். "சுருட்டை முடிக்காரன் முன்கோபி." "ரெட்டைச் சுழியா, அப்போ ரெண்டு கல்யாணம்." "தாய்மாமன் தலையப் பாரு, உன் தலை தெரியும்." கடைசியாகச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முடி நிறையவே பேசும். ஆனால் அது பேசுவது உடம்பின் சென்ற சில மாதங்களைப் பற்றி. நாமோ அதனிடம் ஆளின் குணத்தை விசாரிக்கிறோம்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிக்குழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டி. முதலில் வளரும் கட்டம், இரண்டு முதல் ஆறு ஆண்டு. அடுத்து குழி சுருங்கும் கட்டம், இரண்டு மூன்று வாரம். பிறகு சுமார் மூன்று மாத ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே குழியில் புதியது கிளம்பும். நல்ல உடல்நிலையில் பத்தில் ஒன்பது குழிகள் வளரும் கட்டத்தில்தான் இருக்கும். ஆகவே தினமும் 50 முதல் 100 முடி விழுவது கணக்குப்படி நடக்கும் காரியம். சீப்பில் பத்துப் பதினைந்து முடி தெரிந்தவுடன் எண்ணெய்க் கடைக்கு ஓட வேண்டியதில்லை. வளரும் வேகம் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். இடுப்பைத் தொடும் 70 சென்டிமீட்டர் கூந்தலுக்கு ஏறத்தாழ ஆறு வருட இடைவிடாத வளர்ச்சி வேண்டும். வளரும் கட்டம் மூன்றே ஆண்டில் முடிந்துவிடும் பெண்ணுக்கு, எந்த மூலிகை எண்ணெய் தேய்த்தாலும் முடி முதுகின் பாதியிலேயே நின்றுவிடும். வளரும் கட்டத்தின் நீளத்தைப் பெரும்பாலும் பரம்பரைதான் முடிவு செய்கிறது.

அந்த மூன்று மாத ஓய்வைத்தான் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, சோற்றையே நிறுத்திய பட்டினி டயட் ஆகியவை வந்தால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் குழிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் முடி அன்றே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக வரும். மலேசியாவில் 2023இல் மட்டும் ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. பிப்ரவரியில் டிங்கியில் படுத்தவருக்கு ஏப்ரல் மே மாதங்களில் முடி கொட்டும். அதற்குள் காய்ச்சலே மறந்து போயிருக்கும். பழி போன வாரம் மாற்றிய ஷாம்புவின் மேலும், குழாய்த் தண்ணீரின் மேலும் விழும். உண்மையில் தலையைத் தேய்க்கும்போது வந்தவை, எப்படியும் அந்த வாரம் விழவிருந்தவை.

பிள்ளைப்பேற்றிலும் இதே கதைதான். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி, விழ வேண்டிய முடியைப் பிடித்து வைக்கும். பேறு முடிந்ததும் பிடி தளரும். இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் எல்லாம் சேர்ந்து கொட்டும். "குழந்தை அம்மா முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா முடி கொட்டும்" என்று சில வீடுகளில் பாட்டிமார் சொல்வார்கள். காலத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். பாவம், குழந்தையின் மேல் குற்றம் சுமத்தியதுதான் தவறு. இப்படிக் கொட்டியது பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கி, ஒரு வருடத்துக்குள் நிரம்பிவிடும்.

விழுந்தது எந்த வகை என்று வீட்டிலேயே பார்க்கலாம். விழுந்த முடியில் இருபதை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து வேர்முனையைப் பாருங்கள். முனையில் கடுகை விடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால், அது ஓய்வு முடிந்து முறைப்படி விழுந்தது. எந்த முனையிலும் குமிழ் இல்லாமல் இரண்டு பக்கமும் பிய்ந்திருந்தால், அது உதிரவில்லை, நடுவில் முறிந்திருக்கிறது. அப்போது குற்றவாளி சூட்டு இஸ்திரி, ப்ளீச், ஈரத்தலையில் இழுத்த சீப்பு ஆகியவற்றில் ஒன்று. அடுத்தது இழுப்புச் சோதனை. தலைக்குக் குளித்து ஒரு நாளாவது ஆன பிறகு, 50, 60 முடியை விரலிடுக்கில் பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுக்க வேண்டும். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இன்னும் நடக்கிறது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார நிலையத்தில்) இரும்புச் சத்து, தைராய்டு இரண்டுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. காசு அளவில் வட்டமாக வழவழவென்று விழுந்தால் அது வேறு விவகாரம். 'புழுவெட்டு' என்று பெயர், ஆனால் எந்தப் புழுவும் வெட்டவில்லை. உடலின் எதிர்ப்புச் செல்கள் சொந்த முடிக்குழியையே தாக்குகின்றன. பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

'செம்பட்டை' என்ற சொல்லை நம் ஊரில் திட்டாகவே பயன்படுத்துவார்கள். வெயிலில் அலைபவருக்கு முடி செம்பட்டையாவது உண்டு. புற ஊதாக் கதிர் முடிக்கு நிறம் தரும் மெலனினைச் சிதைக்கிறது. அப்போது மேலடுக்கும் நுனியும்தான் சிவக்கும், வேர் கறுப்பாகவே இருக்கும். புரதப் பஞ்சம் அப்படியில்லை. பஞ்சத்தில் வளர்ந்த பகுதி வேரிலிருந்தே வெளுத்து வரும். நல்ல சாப்பாடு கிடைத்த மாதங்களில் மறுபடி கறுப்பு வரும். ஒரே முடியில் பட்டை பட்டையாக அந்த வீட்டின் அரிசிப் பானையின் வரலாறு தெரியும். 'குவாஷியோர்க்கர்' என்ற இந்தப் புரதக் குறைபாட்டை 1930களில் ஆப்பிரிக்கத் தங்கக் கடற்கரையிலிருந்து (இன்றைய கானா) மருத்துவ உலகுக்கு விவரித்தவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். அவர் பிறகு மாற்றலாகி வந்தது மலாயாவுக்கு. தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்புக் கெட்டிப்பாலைப் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தூண்டுவதை, 1939இல் சிங்கப்பூரில் பேசும்போது அவர் கொலை என்றே சொன்னார். டின் பாலில் வளர்ந்த செம்பட்டைத் தலைக் குழந்தையைப் பார்த்து 'அழுக்குப் பிள்ளை' என்று முகம் சுளித்தவர்கள், முடி எழுதி வைத்திருந்ததைத் தவறாக வாசித்தவர்கள்.

சரி, தாய்மாமன். வழுக்கை விழ இரண்டு வேண்டும்: ஆண் ஹார்மோன், அதற்கு இளகிக் கொடுக்கும் குழி. 1942இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்ட்டன், பருவத்துக்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏற்றியபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு மட்டும் விழத் தொடங்கியது. ஆக வழுக்கைத் தலையருக்கு ஹார்மோன் அதிகம் என்ற பெருமை செல்லாது. ஹார்மோன் எல்லாருக்கும் இருப்பதுதான், குழிதான் வித்தியாசம். அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும். அதனால்தான் 'தாய்வழி' என்ற பேச்சு. ஆனால் கணக்குப் போட்டால் மாமன் நல்ல சாட்சி இல்லை. அம்மாவின் இரண்டு எக்ஸில் ஒன்று தாத்தாவுடையது, ஒன்று பாட்டியுடையது. மாமனுக்கு வந்தது பாட்டியிடமிருந்து. அந்த மரபணுவை உங்களோடு மாமன் பகிர்ந்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அம்மாவின் அப்பா பகிர்ந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மாமனை விடத் தாத்தாவின் பழைய கல்யாணப் போட்டோவே மேல். அதுவும் போதாது. 2017இல் பிரிட்டனில் 52,000க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தபோது வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்கள் கிடைத்தன. எக்ஸில் இருந்தவை 40 மட்டுமே. மற்றவை அப்பா பக்கமிருந்தும் வரலாம்.

ரெட்டைச் சுழியை விரைவாக முடித்துவிடலாம். கருவில் 10 முதல் 16 வாரத்துக்குள் தலைத்தோல் நீளும்போது குழிகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. உருண்டையான மண்டையில் எல்லா முடியையும் ஒரே திசையில் படுக்க வைக்க முடியாது, எங்காவது ஓரிடத்தில் சுழன்றே ஆக வேண்டும். சிலருக்கு இரண்டிடம். சுமார் இருபது பேரில் ஒருவருக்கு இது உண்டு. சொல் பலிப்பதாக இருந்தால் ஊர்க் கல்யாண மண்டபத்தில் தேதியே கிடைக்காது.

சுருட்டைக்கும் கோபத்துக்கும் உறவில்லை. குழி நேராக இருந்தால் முடி நேராகவும், குழி வளைந்து அடிக்குமிழ் ஒருபக்கம் சாய்ந்தால் முடி சுருண்டும் வரும். சீனர்களிடம் பரவலாக இருக்கும் 'ஈடார்' என்ற மரபணுவின் ஒரு வடிவம் முடியைத் தடிப்பாகவும் நேராகவும் ஆக்குகிறது. நம்மிடம் அது அரிது. நம் முடி பொதுவாக மெலிந்தது, அலையுள்ளது. அதோடு இந்த நாட்டுக் காற்று வேறு. ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தொடும். முடியின் வடிவத்தைப் பிடித்து வைப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் அவிழும், உலர்ந்தால் கிடைத்த இடத்தில் கட்டிக்கொள்ளும். காலையில் இஸ்திரி போட்டு நேராக்கிய தலை, பஸ் நிறுத்தம் போவதற்குள் பரட்டையாவதன் காரணம் இது. அந்தப் 'பரட்டை'யைச் சோம்பல் என்று படிக்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள்.

இதனால்தான் பட்டணத்து சலூன்களில் மருந்து பூசி முடியை நேராக்கும் 'ரிபோண்டிங்' ஓடுகிறது. அது தொடுவது கந்தகப் பிணைப்புகளை, அவை தண்ணீருக்கு அசையாதவை. முதலில் கண்டிஷனர் இல்லாமல் அலசல். பிறகு தயோகிளைக்கோலேட் கிரீமைத் தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலக்கிப் பூச வேண்டும். கிரீம் பிணைப்பை உடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இழையை இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் நீண்டு, விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா, உடனே அலசலாம். திரும்பாமல் நூடுல்ஸ் போலத் தொங்கினால் எல்லை தாண்டியாகிவிட்டது. அலசி, முழுக்க உலர்த்தி, 180 டிகிரி வாக்கில் இஸ்திரி. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நடுநிலைப்படுத்தி, 10 முதல் 15 நிமிடம், புது வடிவத்தில் பிணைப்பைப் பூட்ட.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். தடித்த முடிக்குப் பழகிய கை, மெலிந்த முடிக்கும் அதே நேரம் வைப்பது. ஏற்கெனவே ப்ளீச் செய்த தலையை வாங்கிக்கொள்வது. எல்லாவற்றையும் விட மோசம், அவசரத்தில் அரை ஈரத்தில் இஸ்திரி வைப்பது. உள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழ்கள் உண்டாகும், அந்தந்த இடத்தில் முடி ஒடியும். எல்லாம் சரியாக நடந்தாலும் மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் பழைய சுருட்டை வேரில் எட்டிப் பார்க்கும். குழி வளைந்தேதான் இருக்கிறது.

இளநரைக்குப் பித்தம் என்பார்கள். ஆசியர்களில் 25 வயதுக்கு முன் நரைத்தால் இளநரை. பெரும்பாலும் பரம்பரைதான், சிலருக்கு பி12 குறைவும் தைராய்டும் காரணம். 'கவலையில் நரைத்தது' என்பதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், அழுத்தத்தில் நரம்புகள் கக்கும் நோர்அட்ரினலின் எலிகளின் நிறச் செல் இருப்பைக் காலி செய்வதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தார், மனிதர்களிடம் சில நரைமுடிகள் அழுத்தம் குறைந்த காலத்தில் மீண்டும் நிறம் பெற்றதைப் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே நரைக்கும் விளிம்பில் நின்ற முடிகளுக்குத்தான் அந்தச் சலுகை. முழுத்தலை ஓர் இரவில் வெளுப்பது நடக்காது, வெளியே வந்துவிட்ட தண்டு உயிரற்றது. நேர்முகத் தேர்வுக்கு முன் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கறுப்புச் சாயப் பொட்டலம் வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. 'கறுப்பு மருதாணி' என்றாலும் கறுப்பாக்குவது பெரும்பாலும் பிபிடி என்ற வேதிப்பொருள். முழங்கை மடிப்பில் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தால் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டும். மீறிப் பூசினால் மறுநாள் இமை வீங்கிக் கண் திறக்காது. அந்த முகத்தோடு போவதற்கு நரையோடே போயிருக்கலாம்.

இவ்வளவு தெரிந்தாலும் நம் கண் தீர்ப்புச் சொல்வதை நிறுத்தாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் செய்த சோதனையில், முகத்தைப் பத்தில் ஒரு விநாடி காட்டினாலே 'நம்பலாம், நம்பக்கூடாது' என்று முடிவு கட்டிவிட்டார்கள். நேரம் கூடக் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, தன்னம்பிக்கை மட்டும் ஏறியது. 2012இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், சில ஆண்களின் படங்களை முடியோடும், அதே படங்களில் கணினியால் தலையை மழித்தும் காட்டினார்கள். பார்த்தவர்கள் மழித்த தலையோடு இருந்தவர்களை அதிகாரமுள்ளவர்களாக, சுமார் ஓர் அங்குலம் உயரமானவர்களாக, 13 விழுக்காடு பலசாலிகளாக மதிப்பிட்டார்கள். ஆள் வளரவில்லை, முடிதான் போயிருந்தது. நாடகத்திலும் சினிமாவிலும் அடியாளுக்கு மொட்டை போட்டு வந்தது எதனால் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மொட்டை என்றால் அடியாள் என்று ஆகிவிட்டிருக்கும். எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம்.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் முடி காணிக்கை கொடுத்துச் சந்தனம் பூசிய தலையைப் பார்த்து யாரும் ஒதுங்கி நிற்பதில்லை. கும்பிடுகூடப் போடுவார்கள். சந்தனம் உதிர்ந்த பிறகு, அதே ஆள் கையில் பச்சை குத்தியிருந்து, இரவில் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்தால் கவுண்டரில் இருப்பவரின் கை மணியைத் தேடும். தலையில் எதுவும் மாறவில்லை. மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையோடு குழந்தையைக் கூட்டிப் போனவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மில்ட்ரட் டிராட்டர் 1928லேயே மழிப்பதால் முடி தடிப்பதுமில்லை, வேகமாக வளர்வதுமில்லை என்று அளந்து காட்டிவிட்டார். இயற்கையான நுனி ஊசிபோல் கூர்ந்திருக்கும், கத்தி பட்ட நுனி மொட்டையாக இருக்கும், தடவினால் முரடாகத் தெரியும், அவ்வளவுதான். பங்குனி உத்திரத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர் வந்திருக்கும், சுழி பழைய இடத்திலேயே இருக்கும்.